இரண்டு வலது இறக்கைகள்

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-இல் நம் விமானப்படைக்கு வந்த விமானம், 62 வருஷம் பறந்திருக்கிறது. அந்தத் தேதிக்குள், உறுப்பு உறுப்பாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட்டில் ஒரு மிக்-21 மாடலை முடித்து அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்று ஆகஸ்டிலேயே முடிவு செய்துவிட்டேன். பெட்டி கைவசம் இருந்தது. 2020 ஊரடங்கில், சம்பளம் பாதியாக வந்துகொண்டிருந்த நேரத்தில், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வாங்கியது. வந்த அன்று பீரோ மேல் ஏறியது, ஐந்து வருஷம் இறங்கவில்லை. மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாளைக்கூட நான் கிழிக்கவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் பாயை விரித்துப் பெட்டியைத் திறந்தேன். உறுப்புகள் தொங்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் சட்டத்திலும் (ஃபிரேம்) ஓர் எழுத்து பொறித்திருக்கும். ஏ சட்டம், உடம்பு இரண்டு பாதி, சரி. பி சட்டம், வலது இறக்கை மேலும் கீழும், சரி. அடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் சி சட்டம் வரவேண்டும். அதிலும் பி என்று பொறித்திருந்தது. எண்ணெண்ணாகச் சரிபார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். வலது இறக்கை இரண்டு இருந்தது, இடது இறக்கை இல்லை.

இதில் பெரிய வேடிக்கை என் வேலைதான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேலாக குவாலிட்டியில் இருக்கிறேன். சுவிட்ச் பாக்ஸ், மீட்டர் கவர், மிக்ஸிக்கு அடிப்பாகம் என்று என் மேசைக்கு வராத பீஸ் இல்லை. வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற சரக்கை அன்றே பிரித்து எண்ணிப் பார்க்காமல் ஸ்டோருக்குள் விட்டதில்லை. என் சொந்தக் காசில் வாங்கிய பெட்டியை மட்டும் ஐந்து வருஷம் திறக்கவில்லை. விற்ற கடைக்காரர் கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். எந்தக் கம்பெனி கிட் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் படிக்கிறவர்கள் அந்தப் பெயரோடு நின்றுவிடுவார்கள், நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரமாட்டார்கள்.

சட்டம் என்று நான் சொல்வது, உறுப்புகள் எல்லாம் காய் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஃபிரேமை. மாடல் செய்கிறவர்கள் அது முழுவதையும் ஸ்ப்ரூ என்பார்கள். எங்கள் பட்டறையில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். உருகிய பிளாஸ்டிக் டைக்குள், அதாவது இரும்பு அச்சுக்குள், இறங்குகிற ஒற்றைக் காம்புதான் ஸ்ப்ரூ. அங்கிருந்து கிளை பிரிந்து ஓடுவது ரன்னர். உறுப்புக்குள் நுழைகிற சின்ன வாசல் கேட். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். ஜப்பானின் ஷிசுவோகாவில் அச்சாகிற ஜீரோ போர் விமான மாடலும் மேட்டுப்பாளையத்தில் அச்சாகிற சுவிட்ச் பாக்ஸும் ஒரே மாதிரி மெஷினிலிருந்து ஒரே மாதிரி வியாதிகளோடுதான் பிறக்கின்றன.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 1988-இல். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்தத் தாத்தா பிரான்ஸில் இருந்த மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஹெல்லர் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் மாடல் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். உள்ளே மிராஜ் போர் விமானம். “இந்தாடா, உனக்குத்தான், ஒழுங்கா செய்யணும்” என்று கொடுத்தார். பத்து வயசுப் பையனிடம் என்ன பசை இருக்கும்? ஃபெவிகால்தான். மூன்று நாள் காத்திருந்தேன், ஒட்டவில்லை. மரத்தையும் காகிதத்தையும் பிடிக்கிற வெள்ளைப் பசை பாலிஸ்டைரினைப் பிடிக்காது. இரண்டு பக்கமும் லேசாகக் கரைந்து ஒன்றாகிற மாதிரி கரைப்பான் பசை வேண்டும். அதெல்லாம் தெரிய இன்னும் பதினைந்து வருஷம் ஆனது. அந்த மிராஜ் கடைசிவரை நூல் சுற்றித்தான் நின்றது.

அப்போதெல்லாம் கம்பெனிப் பெயர் என்றால் சாமி பெயர் மாதிரி. இன்றைக்கும் புதுசாக வருகிற பையன்கள் முதலில் கேட்பது, “எந்த பிராண்டு நல்ல பிராண்டுண்ணே?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: டை யார் வெட்டினது? மெஷின்ல யார் நின்னது? பெட்டியில யார் எடுத்துப் போட்டது? ஊரில் உலவுகிற நல்ல பெயர் பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதில். உங்கள் மேசையில் இருக்கிற பெட்டியின் தலையெழுத்தை மற்ற இரண்டும்தான் எழுதுகின்றன.

டாமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஷிசுவோகாவில் 1946-இல் மரக்கடையாகத் தொடங்கி, 1960-இல் முதல் பிளாஸ்டிக் கிட்டுக்கு வந்தவர்கள். இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்காரும் என்று அவர்களுக்குப் பெயர். அது சும்மா வந்த பெயர் இல்லை. இணைப்புக் கோடு விமானத்தின் தகடுக் கோட்டிலேயே (நிஜ விமானத்தில் உலோகத் தகடுகள் சேரும் கோடு) வந்து விழுகிற மாதிரி உறுப்பைப் பிரித்திருப்பார்கள். பட்டி பூசித் தேய்க்கிற வேலையே இருக்காது. அது டை வரைந்தவனின் மூளை. ஆனால் டாமியாவுக்குப் பிலிப்பைன்ஸில் செபுவிலும் தொழிற்சாலை உண்டு. ‘ஜப்பான் சாமான்’ என்று மார்தட்டுகிற நண்பர்களிடம் பெட்டியின் ஓரத்தைப் படிக்கச் சொல்வேன். படித்த பிறகு முகத்தைப் பார்க்க வேண்டும்! தரம் குறைந்துவிடவில்லை. இத்தனை நாள் அவர்கள் நம்பிக்கொண்டிருந்த காரணம்தான் தப்பு.

ஏர்ஃபிக்ஸ் கதை இன்னும் சுற்றுவழி. பிரிட்டிஷ் கம்பெனி. 1953-இல் முதல் ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் விட்டது. 2006-இல் நொடித்துப்போய் அதே வருஷம் ஹார்ன்பி கைக்கு மாறியது. நொடித்ததற்கு ஒரு காரணம், அவர்களுக்கான உற்பத்தி பிரான்ஸில் ட்ரன் என்ற ஊரில், சொல்தா தாத்தா எனக்குக் கொண்டுவந்த அதே ஹெல்லரின் தொழிற்சாலையில் நடந்துகொண்டிருந்தது. ஹெல்லர் விழுந்தபோது இதுவும் விழுந்தது. அதற்குப் பிறகு சில காலம் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று வந்தது. ஒரே பெயருக்குள் பல நாடு, பல முதலாளி, ஐம்பது வருஷப் பழைய டையும் நேற்று வெட்டிய டையும் கலந்திருக்கின்றன. இதற்கு ஒரே மார்க் எப்படிப் போடுவது?

போதாக்குறைக்கு ஒருவர் பெட்டியில் இன்னொருவர் பிளாஸ்டிக். இது தொழிலில் சகஜம், ஏமாற்று இல்லை. டாமியாவின் 1/72 பெட்டிகள் (நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) சிலவற்றுக்குள் இருப்பது இத்தாலியின் இத்தாலெரி அச்சு. பெட்டிமேல் படம் புதுசு என்றால் டை புதுசு என்று அர்த்தம் இல்லை. இந்த மாதிரி எந்த அச்சு எந்த வருஷம் வந்தது, பின்னால் யார் யார் பெட்டியில் போட்டார்கள் என்று ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் வம்சாவளி மாதிரி கிடைக்கும். வாங்குவதற்கு முன் அதைப் பார்ப்பது ஜாதகம் பார்க்கிற மாதிரி. கையில் பெட்டி இருந்தால் இன்னும் சுலபம். தகடுக் கோடுகள் மேலே துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பழைய டை, குழிந்திருந்தால் பிந்தியது. சில கிட்டுகளில் இறக்கையின் உள்பக்கத்திலேயே வருஷம் பொறித்திருக்கும்.

பெயரை எப்படிச் சம்பாதிப்பது என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் செக் நாட்டு எட்வார்ட். 2014-இல் 1/48 அளவில் பி.எஃப். 109 ஜி-6 என்ற ஜெர்மன் போர் விமானத்தின் மாடல் விட்டார்கள். அளவு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. 48-இல் ஒரு பங்கு என்று சொல்லிவிட்டு 47-க்குப் பக்கத்தில் நின்றது. வாங்கினவர்கள் வெர்னியர் வைத்து அளந்து மானத்தை வாங்கினார்கள். கம்பெனி என்ன செய்தது? இரண்டொரு வருஷத்தில் புதுசாகவே டை வெட்டி மறுபடி விட்டது. ஒரு டை வெட்ட என்ன செலவாகும் என்று தினமும் பார்க்கிறவன் நான். எங்கள் முதலாளியிடம் அப்படி ஒரு யோசனையைச் சொன்னால் காபி வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் போடாமல் கம்பெனியைத் திட்டக் கூடாது. ஒரு சுமாரான கிட்டில் நூறு உறுப்பு இருக்கும். ஆயிரம் உறுப்புக்கு ஒன்றுதான் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். எங்கள் லைனில் அப்படி ஒரு கணக்கு வந்தால் கேக் வெட்டுவோம். ஆனால் நூறு உறுப்பும் நன்றாக இருந்தால்தான் அது கிட். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டியில் ஏதோ ஒன்று கோணலாக இருக்கும். நூறு சுவிட்ச் பாக்ஸில் ஒன்று கெட்டால் 99 விற்கும். நூறு உறுப்பில் ஒன்று கெட்டால் விமானம் மூக்கில்லாமல் நிற்கும்.

ஷிஃப்ட் தொடங்கும்போது டை குளிர்ந்திருக்கும். முதல் பத்து இருபது ஷாட்டில், அதாவது அச்சடிப்பில், பிளாஸ்டிக் மூலைவரை ஓடுவதற்குள் உறைந்துவிடும். அதை ஷார்ட் என்போம். நல்ல ஆபரேட்டர் அதையெல்லாம் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார், அரைத்து மறுபடி உபயோகிக்கலாம். டார்கெட்டுக்குப் பயந்தவர் பதினெட்டாவது ஷாட்டிலிருந்தே நல்ல தொட்டியில் போட ஆரம்பிப்பார். அந்தப் பதினெட்டாவது ஷாட் கடல் தாண்டி உங்கள் வீட்டுக்கு வரலாம். டை பழசாகி வாய் தேய்ந்தால் இரண்டு பாதிக்கும் நடுவே பிளாஸ்டிக் பிதுங்கும். ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மெல்லிய தோல், அதுதான் ஃப்ளாஷ். பீஸ் ஆறுவதற்குள் வெளியே தள்ளிவிட்டால் வளையும். சைக்கிள் டைமில், அதாவது ஒரு அச்சடிப்புக்கு ஆகும் நேரத்தில், இரண்டு விநாடி மிச்சம் பிடிக்கிற மேனேஜர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

சிங்க் மார்க் என்கிற பள்ளம் மட்டும் வேறு ஜாதி. பாலிஸ்டைரின் ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். டை வெட்டுகிறவர் அதற்கு இடம்விட்டுத்தான் வெட்டுவார். ஆனால் தடித்த இடம் மெதுவாக ஆறி, உள்ளே இழுத்துக்கொண்டு, வெளித்தோலில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். உடம்பின் உள்பக்கம் குமிழ் இருக்கிற இடத்துக்கு நேர் வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தட்டும். பார்த்தால் தெரியாது. பெயிண்ட் அடித்த பிறகு வெளிச்சம் பட்டால்தான் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும்.

இப்போது பெட்டி வந்தால் அன்றைக்கே திறக்கிறேன். கட்டப்போவது அடுத்த தீபாவளிக்கு என்றாலும் சரி. கூரியர் அட்டையைக் கிழிப்பதிலிருந்து போனில் வீடியோ ஓடும். மகள்தான் கேமரா. சில கடைக்காரர்கள் வீடியோ இல்லாமல் பேச்சே எடுப்பதில்லை, அவர்களையும் குறை சொல்ல முடியாது. முதலில் விளக்கத் தாளில் இருக்கும் உறுப்புப் படத்தை விரித்து, சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்க்கிறேன். ஏ, பி, சி, டி, எழுத்துக்கு ஒரு டிக். என் மிக்-21 விஷயத்தில் இந்த இரண்டு நிமிஷ வேலையை 2020-இலேயே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அடுத்தது கண்ணாடி உறுப்புகள். ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரின் எளிதில் நொறுங்கும். தனிப் பையில் வராத கேனபி (விமானியின் தலைக்கு மேல் மூடும் கண்ணாடி) வழியிலேயே மற்ற சட்டங்களோடு உரசிக் கீறியிருக்கும். கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். வெடிப்பைச் சரிசெய்ய முடியாது, அது கடைக்காரரின் கணக்கு. ஜன்னலுக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் போதும், பூதக்கண்ணாடி எல்லாம் வேண்டாம்.

பிறகு மெல்லிசான இடங்கள். ஷார்ட் எப்போதும் பிளாஸ்டிக் கடைசியாகப் போய்ச் சேரும் நுனியில்தான் விழும். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், காற்று வேகம் அளக்கிற பிட்டோ குழாய், இறக்கையின் பின் ஓரம், சக்கரக் கதவின் மூலை. பிட்டோ குழாய் மொட்டையாக இருந்தால் நான் புகார்கூடச் செய்வதில்லை. மெடிக்கலில் ஊசி வாங்கி வெட்டி வைத்தால் அசலைவிட நன்றாக இருக்கும். பின் ஓரம் கடித்த மாதிரி இருந்தால் படம் எடுத்து அனுப்புவேன்.

வளைவுக்குக் கண்ணாடிப் பலகை. இறக்கையை அதன்மேல் படுக்கவைத்து ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்புகிறதா பாருங்கள். இறக்கை மேல்பாதியையும் கீழ்பாதியையும் டேப் போட்டுச் சேர்த்து, உடம்போடு பொருத்திப் பாருங்கள். சில சமயம் தனித்தனியே வளைந்தது சேர்ந்தால் நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் கொதித்த நீரை இறக்கி இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, அதில் முக்கி, கையால் மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்து, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். ஒரே முறையில் செய்ய நினைக்காதீர்கள். பாலிஸ்டைரின் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இளகிவிடும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் போட்ட ஒரு நண்பரின் ஹண்டர் விமான மாடலின் இறக்கை வாழைப்பழத் தோல் மாதிரி வெளியே வந்தது.

டீகால் என்கிற, தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாளில் பார்க்க வேண்டியது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக விழுந்திருக்கிறதா என்பது. நம் விமானப்படை வட்டத்தில் நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை, வெளியே காவி. பச்சை அரை மில்லிமீட்டர் தள்ளி அச்சாகியிருந்தாலும் வெள்ளை ஒரு பக்கம் பிறை மாதிரி தடித்து, எதிர்ப்பக்கம் காணாமல் போயிருக்கும். ஒன்றரை அடி தூரத்திலேயே தெரியும். ஒரு வண்ணம் அப்படித் தள்ளி அச்சானால் அந்தத் தாள் முழுவதும் அப்படித்தான், மாற்றித்தான் ஆகவேண்டும். பழைய பெட்டியின் மஞ்சளித்த டீகால் வேறு கதை. அதை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி வெயிலில் சில வாரம் விட்டால் வெளுக்கும். நம் ஊர் வெயிலால் ஆகிற ஒரே உபகாரம். பிறகு மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்காமல் தண்ணீரில் போட்டால் தூள்தூளாகிவிடும்.

எல்லாமே குறை என்றும் நினைக்கக் கூடாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தம்பி இருக்கிறான், பஸ் ஏறி வந்து காட்டுவான். ஒருநாள் கொதித்துப்போய் ஒரு பெட்டியோடு வந்தான்.

“அண்ணே, இதப் பாருங்க. பொருத்துற குமிழே இல்ல. கேட் எல்லாம் பென்சில் தண்டி. திருப்பி அனுப்பப் போறேன்.”

“என்ன விமானம்டா இது?”

பெயரைச் சொன்னான். உலகத்தில் எண்ணிச் சில பேர் மட்டும் கட்டக்கூடிய விமானம். “தம்பி, இது ஷார்ட் ரன் கிட். ரெண்டாயிரம் மூவாயிரம் பெட்டிக்காக எவனும் பெரிய இரும்பு டை வெட்டமாட்டான். இப்படித்தான் வரும். இது குறை இல்ல, இதோட குணம். உனக்கு இந்த விமானம் வேணும்னா உப்புத்தாளை எடு. சுகமா பொருந்தணும்னா எல்லாரும் செய்யற விமானத்தை வாங்கு.”

அவன் அதைத் திருப்பி அனுப்பவில்லை, எட்டு மாதம் தேய்த்தான். முடித்துவிட்டு மறுபடி அதே கம்பெனியில் இன்னொன்று வாங்கியிருக்கிறான். திட்டிக்கொண்டேதான் வாங்கினான்.

நம் தப்பைக் கம்பெனி தலையில் கட்டுவதும் நிறைய நடக்கிறது. பெயிண்ட் உரிந்து வருகிறது என்பவர்களிடம் சட்டங்களைக் கழுவினீர்களா என்று கேட்டால் விழிப்பார்கள். பீஸ் டையிலிருந்து கழன்று வருவதற்காக அடிக்கும் எண்ணெய்ப்பசை மேலே ஒட்டியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்தால் அந்தப் புகார் பாதி குறையும். ஐப்பசி கார்த்திகையில் லாக்கர் பெயிண்ட் வெள்ளை பூத்துப்போவதற்கும் ஜப்பான்காரன் பொறுப்பில்லை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, கடல்காற்றின் ஈரம் அதில் படிகிறது. மழை நாளில் அடிக்காதீர்கள். அவ்வளவுதான்.

மிக்-21-க்கு வருகிறேன். அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போட்டேன். கிட் எண், வாங்கிய வருஷம், என்ன வந்திருக்கிறது, என்ன வரவில்லை, இரண்டு பி சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம். உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரப் பதில் ஒன்று வந்தது. பத்து நாள் பார்த்தேன். செப்டம்பர் 26 நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டு இரண்டு வலது இறக்கைகளையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1/72 அளவில் மிக்-21-இன் மொத்த வீச்சே பத்து சென்டிமீட்டர் கிடையாது, ஒரு இறக்கை உள்ளங்கையில் அடங்கும். அதன் இறக்கை கத்தி மாதிரி மெல்லிசு. மேல்வளைவும் கீழ்வளைவும் ஏறக்குறைய ஒன்று. வலது இறக்கையைத் தோசை மாதிரித் திருப்பிப் போட்டால் வடிவத்தில் அது இடது இறக்கை!

வடிவம் சரி, மற்றதெல்லாம் தலைகீழ். சக்கரக் குழி மேலே பார்க்கும். மேலே நிற்க வேண்டிய சின்னத் தடுப்புத் தகடு அடியில் தொங்கும். தகட்டை பிளேடால் சீவி எடுத்து, தேய்த்து, எதிர்ப்பக்கம் ஒட்டினேன். குழியை அடைக்க ஒரு பட்டறைத் தந்திரம். மிச்ச ரன்னரைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பசைக் குப்பியில் போட்டு ஊறவைத்தால் இரண்டு நாளில் கூழாகும். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் இறக்கையோடு ஒன்றாகிவிடும், பட்டி மாதிரிப் பெயராது. ஆனால் காயும்போது சுருங்கும், மூன்று தடவை நிரப்ப வேண்டியிருந்தது. கீழ்ப்பக்கம் குழி இல்லாததால் சக்கரம் வைக்க வழியில்லை. அதனால் வலது பக்கக் கதவையும் மூடிவிட்டு, விமானம் பறப்பதாக வைத்துக்கொண்டேன். பறக்கிற விமானத்துக்கு ஆள் வேண்டுமே? அந்தக் கிட்டில் பைலட் பொம்மை கிடையாது. பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒருவரை இறக்குமதி செய்தேன். அவர் இரண்டாம் உலகப்போர்த் தோல் தொப்பி போட்டவர். வெள்ளைப் பெயிண்டில் தலைக்கவசம் ஆக்கிவிட்டேன்.

26-ஆம் தேதி தப்பிவிட்டது. அக்டோபர் நடுவில் முடிந்தது. தூண்டில் நரம்பில் கட்டி ஹாலில் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் ஃபேன் காற்றில் அது திரும்பும்போதெல்லாம் இடது இறக்கையின் கோடுகள் உறுத்தும்.

நவம்பரில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், தபால்காரர் நனைந்த உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டு முத்திரை. காசு கேட்கவில்லை, ரசீது கேட்கவில்லை, ஐந்து வருஷம் கழித்து ஏன் சொல்கிறாய் என்றும் கேட்கவில்லை. மனசுக்குள் அந்தக் கம்பெனிக்குப் பத்து மார்க் கூட்டிப் போட்டுக்கொண்டே உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு பி சட்டம்.

மூன்றாவது வலது இறக்கை.

சிரித்து முடித்துவிட்டு என் பழைய மெயிலை எடுத்துப் பார்த்தேன். பாதித் தப்பு என்னுடையது. நான் அனுப்பிய படத்தில் இருந்ததெல்லாம் வலது இறக்கைகள். எழுத்தைப் படிக்க நேரமில்லாத யாரோ ஒருவர், படத்தைப் பார்த்து அதில் இருந்ததையே எடுத்து அனுப்பியிருக்கிறார். வந்ததைப் படம் எடுக்கக் கூடாது. விளக்கத் தாளின் உறுப்புப் படத்தில் வராததைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதைத்தான் அனுப்ப வேண்டும். இப்போது அப்படி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது இறக்கை மகளிடம் போய்விட்டது. கணக்கு நோட்டில் கோடு போட வைத்திருக்கிறாள். வாங்கிப் பார்த்தேன். ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. வளைவு இல்லை, ஃப்ளாஷ் இல்லை, ஒரு சிங்க் மார்க் கிடையாது. மோல்டிங்கில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.